காணாமப் போகலை, பறிச்சுட்டுப் போனாங்க

எங்க திருக்கோகர்ணத்துல ஒரு பொருள் கண்ணுல படலைன்னா, பீரோவுக்கு அடியில குனிஞ்சு பார்க்கிறதுக்கு முன்னாடியே வாயில ஒரு வேண்டுதல் வந்துடும்: "அரைக்காசு அம்மா, கெடைச்சா உனக்கு வெல்லம் வைக்கிறேன்." பிரகதாம்பாள்தான் எங்களுக்கு அரைக்காசு அம்மன். புதுக்கோட்டை சமஸ்தான காலத்துல நவராத்திரிக்கு அரிசியோட சேர்த்துக் கொடுத்த அம்மன் காசுல அவ உருவம்தான் இருக்கும். வண்டிச் சாவி, கம்மல் திருகாணி, ரேஷன் கார்டு எல்லாமே அவ இலாகா. நானும் வேண்டிக்கிறவதான். வெல்லமும் வச்சிருக்கேன்.

ஆனா தங்கச்சி, தொலைஞ்சு போறது வேற, பறிகொடுக்கிறது வேற. இந்த வித்தியாசத்தை நான் மூணு பவுன் கொடுத்துக் கத்துக்கிட்டேன். நீ சும்மாவே கத்துக்கோ.

போன வருஷம் ஒரு வளைகாப்பு முடிஞ்சு ஸ்கூட்டியில திரும்பிக்கிட்டு இருந்தேன். நாத்தனார் அவ வண்டியில கொஞ்சம் பின்னாடி வந்தா. பொழுது சாயற நேரம். பக்கத்துல ஒரு பைக் சத்தம், அவ்வளவுதான். கழுத்துல நெருப்பு வச்ச மாதிரி எரிஞ்சுச்சு. அடுத்த நிமிஷம் வண்டியோட ரோட்டோரப் புழுதியில கிடக்கிறேன். கையைப் பார்த்தா பாதிச் சங்கிலி கையிலயே இருக்கு. முந்தானையோட சேர்த்து இறுக்கிப் பிடிச்சிருக்கேன் போல. அஞ்சு பவுன்ல மூணு அவன்கிட்டப் போச்சு, ரெண்டு என்கிட்ட நின்னுச்சு. அம்மா போட்டு அனுப்பின சங்கிலி.

நேரா பக்கத்துல இருந்த ஒரு காவல் நிலையத்துக்குப் போனோம். எந்த ஊருன்னு வேண்டாம். ரைட்டர் மேஜையில இருந்தவர் கெட்ட மனுஷர் இல்லை. தண்ணி கொடுத்தார், ஃபேனை என் பக்கம் திருப்பினார். அப்புறம் சொன்னார்: "அக்கா, அந்த இடம் எங்க லிமிட்டே கிடையாது. இருந்தாலும் பரவாயில்லை. சங்கிலி தவறி விழுந்துடுச்சுன்னு ஒரு மனு எழுதிக் கொடுங்க. சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன். கெடைச்சா கூப்பிடுறோம்."

பேனாவைக் கையில எடுத்துட்டேன். "எனது கழுத்துச் சங்கிலியைக் காணவில்லை" வரைக்கும் எழுதியும் ஆச்சு. நாத்தனார்தான் காகிதத்தைப் பிடுங்கினா. "அண்ணி, கழுத்துல ரத்தம் வருது. காணவில்லைன்னு எழுதுறீங்களே!"

அந்த ஒரு வார்த்தையில என்ன இருக்குன்னு கேட்கிறியா? எல்லாமே அதுலதான் இருக்கு. "காணவில்லை"ன்னு எழுதினா அங்க குற்றமே நடக்கலை. குற்றம் இல்லைன்னா குற்றவாளி இல்லை, விசாரணை இல்லை, நீயும் "பாதிக்கப்பட்டவர்" இல்லை, பொருளைத் தொலைச்ச அசட்டுப் பொம்பளை, அவ்வளவுதான். "பறித்துச் சென்றார்கள்"னு எழுதினா, 2024 ஜூலை 1-லேருந்து நடப்புல இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவுல 304-வது பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் தண்டனை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல பறிப்புக்குன்னு தனிப் பிரிவே கிடையாது, இது புதுசா வந்தது. பறிக்கிறதுக்காகக் காயப்படுத்தியும் இருந்தா 309-வது பிரிவு, வழிப்பறிக் கொள்ளை. தண்டனை ஆயுள் வரைக்கும்கூடப் போகலாம். என் கழுத்துல இருந்த செவப்புக் கோட்டுக்கு அவ்வளவு மதிப்பு. அதனால மஞ்சள் தடவிட்டு வீட்டுல உட்காராதே. அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. நடந்ததைச் சொன்னா டாக்டர் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல பதிவு பண்ணுவார். அந்த ஏ.ஆர். காப்பி பின்னாடி கோர்ட்டுல உனக்காகப் பேசும்.

அடுத்தது அந்த "லிமிட்" கதை. எல்லை அவங்களோடதா இல்லையாங்கிறது உன் கவலையே இல்லை. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதான்னு ஒரு நீளப் பேர் வச்ச சட்டம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது. இனிமே பி.என்.எஸ்.எஸ்.னு சொல்றேன், எனக்கே வாய் வலிக்குது. அதோட 173-வது பிரிவுப்படி குற்றம் எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் எஃப்.ஐ.ஆர். போடணும். இதுக்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு பேர். போட்டுட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவங்களே அனுப்பணும். கைது செய்யத்தக்க குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் 2013-லயே லலிதா குமாரி வழக்குல அஞ்சு நீதிபதிகள் அமர்வா உட்கார்ந்து சொல்லியாச்சு. நேர்ல போக முடியாத நிலைமைன்னா ஆன்லைன்லயும் புகார் அனுப்பலாம். மூணு நாளைக்குள்ள போய்க் கையெழுத்துப் போட்டுடணும்.

ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லிடுறேன். மூணு வருஷத்துலேருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றங்கள்ல, டி.எஸ்.பி. அனுமதியோட பதினாலு நாள் முதல்கட்ட விசாரணை பண்ணிட்டு எஃப்.ஐ.ஆர். போட புதுச் சட்டம் இடம் கொடுக்குது. அதனால "விசாரிச்சுட்டுத்தாம்மா போடுவோம்"னு அவங்க சொன்னா அது எப்பவும் சாக்கு இல்லை. ஆனா பதினாலு நாள்னா பதினாலு நாள்தான். காலண்டர்ல சுழிச்சு வை. அதுவரைக்கும் கையில சி.எஸ்.ஆர். ரசீது இருக்கணும்.

இந்த சி.எஸ்.ஆர்.தான் நம்ம ஆளுங்களை ரொம்ப ஏமாத்துற காகிதம். உன் மனு வந்து சேர்ந்துச்சுங்கிறதுக்கு ரசீது, வழக்கு இல்லை. சீல் இருக்கு, நம்பர் இருக்குன்னு பத்திரமா மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு "கேஸ் நடக்குது"ன்னு ரெண்டு வருஷம் காத்திருந்தவங்களை நான் பார்த்திருக்கேன். எஃப்.ஐ.ஆர்.ல குற்ற எண், வருஷம், சட்டப்பிரிவு மூணும் இருக்கும். அதோட நகல் உனக்கு இலவசமா தரணும்னு சட்டம். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர்னா, தமிழ்நாடு காவல்துறை இணையதளத்துலேருந்து நீயே எடுத்துக்கலாம். பாலியல் குற்றம் மாதிரியான வழக்குகளோட எஃப்.ஐ.ஆர். மட்டும் அங்க ஏறாது. அது உன் நல்லதுக்குத்தான்.

எஃப்.ஐ.ஆர். போடவே மாட்டேன்னா? புகாரை மறுபடி எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபால்ல அனுப்பு. புதன்கிழமை எஸ்.பி. ஆபீஸ்ல மனு நாள், நேர்லயும் போ. ஆனா நேர்ல போனோம், நல்லாப் பேசினாங்கன்னு தபாலை விட்டுடாதே. எஸ்.பி.யும் கவனிக்கலைன்னா அடுத்தது மாஜிஸ்திரேட். அங்க முதல் கேள்வியே "எஸ்.பி.க்கு அனுப்பினதுக்கு ஆதாரம் எங்கே?"ங்கிறதுதான். அம்பது ரூபாய்த் தபால் ரசீது அன்னைக்கு அம்பதாயிரம் பெறும்.

புகார் எழுதுறதைப் பத்தி நாலு வார்த்தை. ரெண்டு காப்பி எழுது, ஒண்ணுல ஸ்டேஷன் சீலும் தேதியும் வாங்கி நீ வச்சுக்கோ. "மாண்புமிகு", "தாழ்மையுடன்" எல்லாம் ஒரு வரியோட போதும். நாள், நேரம், இடம், என்ன நடந்துச்சு, யார் பார்த்தாங்க, என்ன போச்சு, எவ்வளவு எடை, என்ன அடையாளம். தெரிஞ்சதை எழுது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதாதே. "கறுப்புக் கலர் பைக், நம்பர் பார்க்கலை"ன்னு எழுதினா உனக்கு ஒரு குறையும் இல்லை. கோபத்துல எதிர்வீட்டுப் பையன் பேரைச் சேர்த்து எழுதினா, குறுக்கு விசாரணையில உன் புகாரே செத்துப்போகும். வேற யாராவது எழுதிக் கொடுத்தா முழுக்கப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. வெறும் தாள்ல கையெழுத்து, யார் கேட்டாலும், சொந்தக்காரரே ஏட்டா இருந்தாலும், கிடையாது.

அதே சமயம் இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. புகார்லதான் உன் கையெழுத்து வேணும். அதுக்கப்புறம் விசாரணை அதிகாரி உன்கிட்ட வாக்குமூலம் எழுதுவார் இல்லையா, அதுல சாட்சிகிட்ட கையெழுத்து வாங்கக் கூடாதுன்னே சட்டம் சொல்லுது. வாங்க வந்தா, "இதுக்குத் தேவையில்லைன்னு சொன்னாங்களே சார்"னு மெதுவா கேட்டுப் பாரு. அப்புறம், வாக்குமூலத்துக்காகப் பொம்பளைங்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்கணும். பதினைஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பையன், அறுபது தாண்டின ஆம்பளை, உடம்பு முடியாதவங்க எல்லாருக்கும் இதே சலுகை உண்டு. நீயா விரும்பிப் போனா அது வேற. "நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வாங்க"ன்னு போன் வந்தா, "வீட்டுக்கு வாங்க சார், காப்பி போட்டு வைக்கிறேன்"னு நான் சொன்னேன். வந்தாங்க. காப்பியும் குடிச்சாங்க.

தொண்ணூறு நாளைக்குள்ள விசாரணை எந்த மட்டுல இருக்குன்னு போலீஸ் உனக்குத் தெரிவிக்கணும். பி.என்.எஸ்.எஸ். 193. மெசேஜ்லயோ வாட்ஸ்அப்லயோ கூடச் சொல்லலாம். அவங்களா சொல்லலைன்னா நீ எழுதிக் கேளு. போன்ல கேட்டா பதில் காத்தோட போயிடும்.

இனி, புதுக்கோட்டை மாவட்டத்துக்காரிங்கிற முறையில ஒரு விஷயத்தைப் பேசாம இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. வேங்கைவயல். ஊர் பேரைச் சொன்னாலே புதுக்கோட்டைக்காரங்க முகம் மாறும். 2022 டிசம்பர் 26. பட்டியல் சாதிக் குடும்பங்கள் குடிக்கிற தண்ணித் தொட்டி, பத்தாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போக, தண்ணியில கோளாறுன்னு சந்தேகப்பட்டு மேல ஏறிப் பார்த்தவங்க உள்ளே மனித மலம் கெடந்ததைப் பார்த்தாங்க. மறுநாள் கலெக்டரும் எஸ்.பி.யும் போனாங்க, ரெண்டு பேருமே பெண்கள். ஊர்ல விசாரிச்சப்போ டீக்கடையில ரெட்டைக் குவளை இருக்கிறதும், அய்யனார் கோயிலுக்குள்ள இவங்களை விடாததும் வெளியே வந்துச்சு. கலெக்டரே கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. தொட்டி வழக்கு வெள்ளனூர் ஸ்டேஷன்ல பதிவாகி, 2023 ஜனவரியில சி.பி.சி.ஐ.டி.க்கு மாறுச்சு. உயர் நீதிமன்றம் ஒரு நபர் ஆணையமும் போட்டுச்சு.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல பாதிக்கப்பட்டவங்களுக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. 2016 ஜனவரி 26-லேருந்து நடைமுறையில இருக்கிற 15ஏ பிரிவு. ஜாமீன் உட்பட ஒவ்வொரு கோர்ட் நடவடிக்கைக்கும் முன்கூட்டியே தகவல் தரணும், பேச வாய்ப்புத் தரணும், பாதுகாப்பு தரணும். டி.எஸ்.பி.க்குக் கீழ உள்ளவங்க விசாரிக்க முடியாது, முன்ஜாமீன் கிடையாது. தண்ணியை அசிங்கப்படுத்தினா என்ன நிவாரணம்னு கூட அந்தச் சட்டத்தோட விதிகள்ல எழுதி வச்சிருக்காங்க: சுத்தம் பண்ற முழுச் செலவு, அதுபோக ஊர்ப் பொதுக் காரியத்துக்கு 8.25 லட்சம். அதாவது இப்படியொண்ணு நடக்கும்னு சட்டம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதை நெனைச்சாதான் வயிறு கலங்குது.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2025 ஜனவரி 20-ஆம் தேதி குற்றப்பத்திரிகை தாக்கலாச்சு. குற்றம் சாட்டப்பட்ட மூணு பேரும் பாதிக்கப்பட்ட அதே சமூகத்துக்காரங்க. உயர் நீதிமன்றத்துல அரசு சொன்ன பிறகுதான் ஊருக்கே சேதி பரவுச்சு. இதை நாங்க ஏத்துக்க மாட்டோம்னு ஊர்க்காரங்க போராடினாங்க, சி.பி.ஐ. விசாரணை கேட்டாங்க. ஆனா எதிரிகளே பட்டியல் சாதின்னா வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது. பிப்ரவரியில வழக்கு தனி நீதிமன்றத்துலேருந்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறிடுச்சு. 15ஏ கொடுத்த அந்தத் தனி உரிமைகளும் அதோட கையைவிட்டுப் போகும். யார் செஞ்சாங்கன்னு தீர்ப்பு எழுதுறது என் வேலை இல்லை. நான் சொல்றது இதுதான்: குற்றப்பத்திரிகைன்னா நமக்குச் சாதகமா வர்ற காகிதம்னு நெனைச்சுக்கிட்டு வீட்டுல இருக்காதே. அதுல யார் பேர் இருக்கு, எந்தப் பிரிவு போட்டிருக்கு, எதை விட்டிருக்குங்கிறதுலதான் வழக்கோட தலையெழுத்தே இருக்கு.

அதைப் பார்க்க உனக்கு உரிமை உண்டு. உனக்குன்னு ஒரு வக்கீல் ஆஜராகியிருந்தா, எதிரிக்குக் கொடுக்கிற அதே நகல்களைப் பதினாலு நாளைக்குள்ள உனக்கும் கொடுக்கணும்னு பி.என்.எஸ்.எஸ். 230 சொல்லுது. இந்த "வக்கீல் இருந்தா"ங்கிறதைக் கவனிச்சுக்கோ. வழக்கே இல்லைன்னு போலீஸ் மூடினாலும், நம்ம பக்கம் இதை ஆர்.சி.எஸ். நோட்டீஸ்னு சொல்லுவாங்க, மாஜிஸ்திரேட் அதை ஏத்துக்கிறதுக்கு முன்னாடி புகார் கொடுத்தவங்களைக் கூப்பிட்டுக் கேட்டாகணும். 1985-ல பகவந்த் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் வச்ச விதி. அந்த நோட்டீஸ் வீட்டுக்கு வரும்போது "பெறப்பட்டது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. "எனக்கு ஆட்சேபனை இல்லை"ன்னு அச்சடிச்சு வந்த வரிக்குக் கீழ போடாதே. போட்டா அதோட கதை முடிஞ்சுது. ஆட்சேப மனு போட்டா மேல்விசாரணைக்கு உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கு.

வக்கீலுக்குப் பணத்துக்கு எங்க போறதுன்னு நீ கேட்கிறதுக்குள்ள சொல்லிடுறேன். நீ பொம்பளையா? உனக்கு வக்கீல் இலவசம். வருமானச் சான்றிதழ் வேண்டாம், கணவர் சம்பளம் கேட்க மாட்டாங்க, சொந்த வீடு இருந்தாலும் பரவாயில்லை. 1987-ல வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தோட 12-வது பிரிவு. குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மாவட்டக் கோர்ட்டுல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, 15100-க்கு போன் பண்ணினாலும் போதும். இலவச வக்கீல்னா ஏனோதானோன்னு இருப்பாங்கன்னு நானும் நெனைச்சேன். எனக்கு வந்த வக்கீலம்மா என்னைவிடச் சின்னப் பொண்ணு. மேல எழுதினதுல பாதி அவ சொல்லிக் கொடுத்ததுதான்.

அவகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி: "அரசாங்க வக்கீல் இருக்காரே, அவர் எனக்காகத்தானே வாதாடுறார்?" அவ சிரிச்சா. அவர் அரசுக்காக வாதாடுறவர்க்கா, உங்களுக்காக இல்லை, நீங்க அவருக்கு ஒரு சாட்சின்னு சொன்னா. அந்த அரசு வக்கீலுக்குத் துணையா உன் சார்புல ஒரு வக்கீலை வச்சுக்க கோர்ட்டு அனுமதிக்கலாம். எதிரி ஜாமீன் கேட்கும்போது எதிர்த்துச் சொல்லவும் உனக்கு இடம் உண்டு. லக்கிம்பூர் கேரியில விவசாயிகள் மேல கார் ஏறின வழக்குல, 2022-ல, பாதிக்கப்பட்டவங்களைக் கேட்காமக் கொடுத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. விசாரணையிலேருந்து மேல்முறையீடு வரைக்கும் எல்லாக் கட்டத்துலயும் அவங்களுக்குப் பேச உரிமை இருக்குன்னு எழுதினாங்க. அரசே வழக்கை வாபஸ் வாங்கணும்னாலும் உன்னைக் கேட்காம முடியாது, இது புதுச் சட்டத்துல வந்தது. எதிரி விடுதலையானாலோ, சின்னப் பிரிவுல மட்டும் தண்டிச்சாலோ, இழப்பீடு போதலைன்னாலோ நீயே மேல்முறையீடு போகலாம். தண்டனை வருஷம் கம்மின்னு மட்டும் நீ போக முடியாது, அது அரசாங்கம்தான் போகணும்.

பாலியல் குற்றம்னா சில விஷயம் தனி, குரலைத் தாழ்த்திச் சொல்றேன். குளிச்சிடாதே, துணியைத் துவைச்சிடாதே, காகிதப் பையில போட்டு வை. அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எதுவா இருந்தாலும் உடனே, இலவசமா வைத்தியம் பார்த்தாகணும். "போலீஸ் கேஸ், முதல்ல எஃப்.ஐ.ஆர். கொண்டா"ன்னு திருப்பி அனுப்பினா அதுவே குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிவு பண்ண மறுக்கிற அதிகாரிக்குக் குறைஞ்சது ஆறு மாசம். பெண் அதிகாரிதான் வாக்குமூலம் எழுதணும், உன் வீட்டுலயோ நீ சொல்ற இடத்துலயோ. குழந்தைன்னா போக்சோ சட்டப்படி சீருடை போடாம வரணும், அம்மா அப்பாவோ குழந்தை நம்புற ஆளோ கூட இருக்கணும். பேரையோ படத்தையோ வெளியே விட்டவங்களுக்கும் தண்டனை உண்டு. அனுதாபத்துல வாட்ஸ்அப் குரூப்ல போட்ட மாமாவும் அதுல அடக்கம். 181 பெண்களுக்கு, 1098 குழந்தைகளுக்கு, ரெண்டும் ராத்திரியிலயும் எடுப்பாங்க.

இழப்பீடு: சங்கிலி போனதுக்கெல்லாம் அரசுத் திட்டத்துல பணம் வராது, நான் கேட்டுப் பார்த்துட்டேன். உயிரிழப்பு, பாலியல் வன்முறை, ஆசிட், பெரிய காயம் இதுக்குத்தான். பாலியல் வன்கொடுமைக்கு 2018 தேசியத் திட்டப்படி நாலு லட்சத்துலேருந்து ஏழு லட்சம் வரைக்கும். மனு கொடுக்க வேண்டிய இடம் அதே சட்டப் பணிகள் ஆணைக்குழு. ரெண்டு மாசத்துல விசாரிச்சு முடிக்கணும். இதுல ஜனங்க பண்ற பெரிய தப்பு, தீர்ப்பு வரட்டும்னு காத்திருக்கிறது. தீர்ப்பு வேண்டியதில்லை. குற்றவாளியே பிடிபடலைன்னாலும் மனு போடலாம். அவசர வைத்தியத்துக்கு இடைக்கால உதவியும் கேட்கலாம்.

பணத்தை ஆன்லைன்ல ஏமாந்தா இந்தக் கதையெல்லாம் வேண்டாம், முதல்ல 1930. அழுறது அப்புறம். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறியோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள முடக்க வழி இருக்கு.

அப்புறம் சமாதானம் பேச வருவாங்க. கட்டாயம் வருவாங்க. எனக்கு வந்தது, என் சங்கிலி வழக்குல மாட்டின பையனோட அம்மா. பழப் பையோட வந்து வாசல்ல உட்கார்ந்துக்கிட்டாங்க. "புள்ளை வாழ்க்கை போயிடும் தாயி"ன்னு அழுதாங்க. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்ல மாட்டேன். தண்ணி கொடுத்து, பழத்தைத் திருப்பிக் கொடுத்து, "எதுவா இருந்தாலும் கோர்ட்டுல வக்கீல் மூலமாப் பேசுங்கம்மா"ன்னு அனுப்பிட்டேன். அவங்க அழுதாங்க, மிரட்டலை. மிரட்டுற ஆளுங்க வந்தா அது தனிக் குற்றம், தனிப் புகார். 2018-லேருந்து சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கு. மனு போட்டா டி.எஸ்.பி. மட்டத்துல மிரட்டல் எவ்வளவு நிஜம்னு அறிக்கை எடுத்து, மாவட்ட நீதிபதி தலைமையில இருக்கிற குழு பாதுகாப்புக்கு உத்தரவு போடும். வந்தவங்க பேர், நேரம், சொன்ன வார்த்தை இதையெல்லாம் அன்னைக்கே ஒரு நோட்டுல எழுது. நாலு மாசம் கழிச்சு ஞாபகம் இருக்காது.

என் சங்கிலி கெடைச்ச கதைக்கு வர்றேன். ஒரு அடகுக் கடையில மீட்டாங்க. கெடைச்சா கையில கொடுத்துடுவாங்கன்னு நெனைச்சேன். கிடையாது, அது வழக்குச் சொத்து, கோர்ட்டுக்குப் போகும். கேஸ் முடியற வரைக்கும் காத்திருக்கணும்னு சொன்னவங்க பல பேர். அதுவும் தப்பு. ஸ்டேஷன்லயும் கோர்ட்டுலயும் பொருள் தூங்கக் கூடாது, படம் எடுத்து, விவரம் எழுதி, உறுதிப் பத்திரம் வாங்கிக்கிட்டு உரியவங்ககிட்டக் கொடுங்கன்னு உச்ச நீதிமன்றம் 2002-லயே சொல்லியாச்சு. பி.என்.எஸ்.எஸ். 497-ல அதுக்குக் கெடுவும் வச்சிருக்காங்க: பதினாலு நாள்ல கோர்ட்டு விவரப் பட்டியல் தயார் பண்ணணும், அதுலேருந்து முப்பது நாள்ல உத்தரவு போடணும். ஆனா நீ மனு போடணும். தானா யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டாங்க.

மனு போட்டேன். "பில் இருக்கா?"ன்னு கேட்டாங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி அம்மா வாங்கினதுக்கு எங்க போறது பில்லுக்கு? கல்யாண ஆல்பத்தைத் தூக்கிட்டுப் போனேன். அதோட அந்த ரெண்டு பவுன் துண்டு. நல்லவேளை, ஒட்டவைக்கலாம்னு பத்தர்கிட்டக் கொடுக்காம இருந்தேன். பழுப்புக் கவரைப் பிரிச்சு, நூல்ல கட்டின அட்டையோட இருந்த மூணு பவுனை மேஜையில வச்சாங்க. என் துண்டைப் பக்கத்துல வச்சேன். அறுந்த கண்ணி ரெண்டும் ஒரே மாதிரி இழுபட்டு, வாயைப் பிளந்துக்கிட்டு இருந்துச்சு. மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டுக் குனிஞ்சு பார்த்தாங்க. அப்புறம் ஒண்ணும் கேட்கலை.

அதனால இன்னைக்கு ராத்திரி, சீரியல் விளம்பர நேரத்துல, உன் நகையை ஒவ்வொண்ணா ஒரு வெள்ளைத் துணியில வச்சு போன்ல படம் எடு. பக்கத்துல ஒரு ஸ்கேல் வை. கொக்கியில நெளிவு, குண்டுல சொட்டை, எது இருந்தாலும் கிட்டப்போய் எடு. எடுத்ததை உன் போன்ல மட்டும் வச்சுக்காதே, போனும் திருடு போகும். தங்கச்சிக்கோ அம்மாவுக்கோ அனுப்பி வை.

அம்மனுக்கு வெல்லம் வச்சாச்சு, ரெண்டு கிலோ. சங்கிலி மட்டும் இன்னும் ரெண்டு துண்டாத்தான் பீரோவுல இருக்கு. வழக்கு முடியற வரைக்கும் விக்கவோ மாத்தவோ ஒட்டவைக்கவோ மாட்டேன்னு கோர்ட்டுல எழுதிக் கொடுத்திருக்கேன்.